பெயரைத் திரையில் போடாதீர்கள்: தென்னாப்பிரிக்காவில் தகவல் பாதுகாப்புப் பயிற்சி நடத்தும் தமிழ் மேலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஜோகன்னஸ்பர்க், சென்சூரியன், டர்பன், கேப்டவுன் அலுவலகங்களில் பாதுகாப்புக் குழுக்களைக் கவனித்துக்கொள்ளும் நண்பர்களுக்கு,

வணக்கம். நானும் உங்களைப் போல ஒப்பந்தத்தில் வந்து இந்த ஊர் நிதி நிறுவனங்களில் வேலை பார்ப்பவன்தான். அக்டோபர் நெருங்கினால் நமக்கெல்லாம் ஒரே வேலை. சைபர் விழிப்புணர்வு மாதம் என்று தலைமையகத்திலிருந்து மெயில் வரும். போன வருஷத்து ஸ்லைடை எடுத்து, தேதியை மாற்றி, வாடிக்கையாளரின் லோகோவை ஒட்டி அனுப்பிவைப்போம். ஹூடி போட்ட ஹேக்கர் படம், ஒரு பெரிய பூட்டு, ‘சங்கிலியின் பலவீனமான கண்ணி நீங்கள்தான்’ என்று சிவப்பில் ஒரு வரி, கடைசியில் பத்துக் கேள்வி. எண்பது மார்க் வாங்கினால் சான்றிதழ். ஆடிட்டருக்குக் காட்ட, இத்தனை பேர் முடித்தார்கள் என்று ஒரு எக்ஸெல். சென்னையிலும் அதே ஸ்லைடு, டாலஸிலும் அதே ஸ்லைடு, ஜோகன்னஸ்பர்க்கின் சாண்ட்டனிலும் அதே ஸ்லைடு.

அந்த ஸ்லைடைப் பற்றித்தான் இந்த மடல். அது இந்த ஊருக்குப் பொருந்தவில்லை. பொருந்தாமல் சும்மா கிடந்தாலும் பரவாயில்லை, இங்கே ஏற்கெனவே இருக்கும் ஒரு பலத்தையும் சேர்த்துக் கெடுக்கிறது.

அந்தப் பலத்தின் பெயர் உபுண்டு. உபுண்டு என்றதும் நம் ஆட்களுக்கு லினக்ஸ் ஆபரேட்டிங் சிஸ்டம்தான் ஞாபகம் வரும். தப்பில்லை. 2004இல் உபுண்டு லினக்ஸைத் தொடங்கிய மார்க் ஷட்டில்வொர்த் கேப்டவுனில் வளர்ந்தவர். அதற்கு முன் அவர் நடத்திய தாட் என்ற நிறுவனம் இணையதளங்களுக்குப் பாதுகாப்புச் சான்றிதழ் வழங்கியது. 1999இல் வெரிசைன் அதை வாங்கியது. அந்த தாட்டில் ஓர் ஏற்பாடு இருந்தது. மெயில் சான்றிதழில் உங்கள் பெயர் ஏற வேண்டுமென்றால், ஏற்கெனவே உறுப்பினராக இருக்கும் சிலரை நேரில் போய்ப் பார்த்து, அடையாள அட்டையைக் காட்டி, அவர்கள் தரும் புள்ளிகளைச் சேர்க்க வேண்டும். ஆளுக்கு ஆள் சாட்சி. 2009இல் அதை மூடிவிட்டார்கள். நம் துறையின் வரலாற்றிலேயே இப்படி ஒரு சோதனை, இந்த நாட்டில் பிறந்த நிறுவனத்தில் நடந்திருக்கிறது என்பதற்காகச் சொன்னேன்.

லினக்ஸை விட்டுவிட்டு விஷயத்துக்கு வருவோம். மற்றவர்களால்தான் ஒருவர் மனிதராகிறார் என்பது ஜூலு மக்களின் சொலவடை. சோத்தோ மொழியிலும் அதே பொருளில் உண்டு. இந்த எண்ணத்துக்குத்தான் உபுண்டு என்று பெயர். இதைக் கிராமத்துப் பாட்டி பேச்சு என்று ஒதுக்கிவிட முடியாது. நிறவெறி ஆட்சி முடிகிற நேரத்தில் எழுதப்பட்ட 1993ஆம் ஆண்டு இடைக்கால அரசியல் சட்டத்தின் முடிவுரையிலேயே பழிவாங்கலுக்கு மாற்றாகப் புரிதலும், பிறரைப் பலியாக்குவதற்கு மாற்றாக உபுண்டுவும் தேவை என்று எழுதிவைத்தார்கள். 1995இல் மரண தண்டனையை ஒழித்த தீர்ப்பில் அரசியல் சாசன நீதிமன்றத்தின் நீதிபதிகள் பலர் அதை எடுத்து ஆண்டார்கள். கம்பெனி இயக்குநர் குழுக்கள் வேதம் போல மதிக்கும், நிறுவன நிர்வாக நெறிகளைச் சொல்லும் கிங் அறிக்கையின் 2016ஆம் ஆண்டுப் பதிப்பும் உபுண்டுவைப் பேசுகிறது. தகவலையும் தொழில்நுட்பத்தையும் ஆளும் பொறுப்பு இயக்குநர் குழுவுக்கு உண்டு என்றும் சொல்கிறது. நம் வாடிக்கையாளர்கள் ஆண்டறிக்கையில் கிங் அறிக்கையைப் பின்பற்றுவதாகக் கையெழுத்திடுகிறார்கள். பயிற்சிக்கு மட்டும் டாலஸ் ஸ்லைடு.

இங்கே ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். எது என்பது வேண்டாம். நவம்பர் மாதம். இந்த ஊரில் டிசம்பர் போனஸைப் பதின்மூன்றாவது காசோலை என்பார்கள். யார் ஏமாறுகிறார்கள் என்று சோதிக்க, பாதுகாப்புக் குழு அந்தத் தலைப்பிலேயே ஒரு போலி மெயிலைத் தயாரித்து எல்லாருக்கும் அனுப்பியது. குழந்தையின் பள்ளிக் கட்டணம், ஊருக்குப் போகும் பஸ் டிக்கெட், வீட்டுக்கு வாங்கும் சாமான் எல்லாம் அந்தப் பணத்தை நம்பித்தான் இருக்கும். கிளிக் செய்யாமல் யார் இருப்பார்? அடுத்த வாரக் கூட்டத்தில் கிளிக் செய்தவர்களின் பெயர்கள் துறைவாரியாகத் திரையில் வந்தன. கிளெய்ம்ஸ் பிரிவில் முதல் பெயர், அலுவலகமே ‘மாமா’ என்று கூப்பிடும் ஒரு மூத்த பெண்மணியுடையது. இங்கே மாமா என்றால் அம்மா. இருபத்துச் சொச்சம் வயதுப் பையன் ஒருவன் லேசர் பாயிண்டரை அந்தப் பெயர் மேல் வட்டமடிக்கவிட்டு, ஹோவர் செய்து, அதாவது மவுஸை மேலே நிறுத்தி, லிங்க்கைப் பார்ப்பது எப்படி என்று விளக்கினான். அந்த அம்மா நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டார். அறையில் ஒருவரும் நிமிரவில்லை.

மூத்தவர்களைச் சபையில் குறை சொல்லக் கூடாது என்பது ஜூலு, கோசா வீடுகளில் பிள்ளைக்கு முதலில் சொல்லித்தரும் பாடங்களில் ஒன்று. நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. நம் வீட்டிலும் அதே கதைதான். ஆனாலும் அந்தப் பட்டியலைத் தயாரித்துக் கொடுத்தது நம் தமிழ் டீம்.

இரண்டு மாதம் கழித்து நிஜமான திருட்டு மெயில் வந்தது. சப்ளையரின் வங்கிக் கணக்கு மாறிவிட்டது என்று, பழைய உரையாடலின் தொடர்ச்சியாகவே வந்திருந்தது. அந்த மாடியில் பலருக்கும் வந்தது, சந்தேகமும் வந்தது. ஹெல்ப்டெஸ்க்குக்கு ஒருவர்கூடச் சொல்லவில்லை, சத்தமில்லாமல் அழித்துவிட்டார்கள். ஏன் என்று பிறகு விசாரித்தபோது ஒரு பையன் சொன்னான்: “சொன்னால் ஏன் திறந்தாய் என்று கேட்பீர்கள். அப்புறம் பெயர் திரையில் வரும்.” நல்லவேளையாகக் கணக்குப் பிரிவில் ஒருத்தி சப்ளையருக்கு ஃபோன் போட்டுக் கேட்டாள். இல்லையென்றால் பணம் போயிருக்கும்.

நம் பயிற்சி அந்த அலுவலகத்துக்கு மௌனத்தைத்தான் கற்றுக்கொடுத்தது. இது என் ஒரு அலுவலகத்து அனுபவம் மட்டும் என்று நினைத்தால், சூரிக்கின் ஈடிஹெச் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். ஒரு பெரிய நிறுவனத்தில் 14,000க்கும் மேற்பட்ட ஊழியர்களை 15 மாதங்கள் கவனித்தார்கள். போலி மெயிலை அனுப்பி, கிளிக் செய்ததும் பாடம் காட்டுகிற முறை எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. சிலரை இன்னும் எளிதாக ஏமாறுபவர்களாகவே ஆக்கியது. பலன் தந்தது வேறு: சந்தேகமான மெயிலை ஒரு பட்டனை அழுத்திப் புகார் செய்ய விட்டது. யாரோ சிலர் சில நிமிஷங்களில் சொல்லிவிடுகிறார்கள், மீதி ஆயிரக்கணக்கானோர் அதனால் தப்பிக்கிறார்கள். ஊர்க்காவல் பலிக்கிறது என்று சூரிக்கில் கண்டுபிடிக்கிறார்கள். ஊர்க்காவல் பழக்கமுள்ள நாட்டில் உட்கார்ந்துகொண்டு நாம் தனி ஆளைத் தண்டித்துக்கொண்டிருக்கிறோம்.

உடனே நீங்கள் கேட்கப்போவதும் தெரியும். “இவர்கள் எல்லாரையும் நம்புவதுதானே பிரச்சினை? கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள், பாஸ்வேர்டைப் பகிர்ந்துகொள்கிறார்கள், ஃபோனில் யாராவது அழுதால் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறார்கள்.” உண்மைதான், இதை நான் மழுப்பப்போவதில்லை. 2020இல் கடன் தகவல் நிறுவனமான எக்ஸ்பீரியனின் தென்னாப்பிரிக்கக் கிளையிலிருந்து ஏறக்குறைய 2 கோடியே 40 லட்சம் பேரின் விவரமும், 7,93,749 நிறுவனங்களின் விவரமும் வெளியே போனது எப்படி? யாரும் சர்வரை உடைக்கவில்லை. வாடிக்கையாளர் நிறுவனத்தின் ஆள் என்று சொல்லிக்கொண்டு ஒருவர் வந்தார், கேட்டார், கொடுத்தார்கள். ஏமாற்றுக்காரர்களுக்கு இந்த ஊரின் உறவுமுறை நன்றாகவே தெரியும். ‘மாமா, நான் புதுசு, இன்றைக்குள் இதை முடிக்காவிட்டால் என்னை அனுப்பிவிடுவார்கள்’ என்று ஃபோனில் ஒரு பையன் கெஞ்சினால், எந்தத் தாய் மனசு ஓடிபியைச் சொல்லாமல் இருக்கும்?

அந்தத் தாயிடம் போய் ‘யாரையும் நம்பாதே’ என்றால் அவர் தலையாட்டுவார். பத்துக் கேள்விக்கும் சரியாகப் பதில் எழுதுவார். அடுத்த ஃபோனில் மறுபடியும் உதவுவார். உதவாமல் இருப்பது அவருக்குக் கெட்ட குணம். அவர் குணத்தை மாற்ற நம்மால் ஆகாது, மாற்றவும் வேண்டாம். உதவும் வழியை மாற்றிக்கொடுக்கலாம். “மகனே, கட்டாயம் உதவுகிறேன், நம் டைரக்டரியில் இருக்கிற நம்பருக்கு நானே திருப்பிக் கூப்பிடுகிறேன்” என்று சொல்லப் பழக்குங்கள். அந்த வாக்கியத்தை அவர் மொழியிலேயே, அவர் வாயாலேயே சொல்லிப் பார்க்கவிடுங்கள். நிஜமாகவே புதுப் பையன் என்றால் அவனுக்கு உதவி கிடைக்கும், திருடன் என்றால் லைன் கட்டாகும்.

பாஸ்வேர்டு பகிர்வும் அப்படித்தான். ஏன் பகிர்கிறார்கள் என்று உட்கார்ந்து கேட்டிருக்கிறோமா? வேலைச் சட்டப்படி குடும்பக் காரணங்களுக்கான விடுப்பு வருஷத்துக்கு மூன்று நாள். சாவு என்றால் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து ஈஸ்டர்ன் கேப் மாகாணம் வரை ராத்திரி முழுக்கப் பயணம்; அடக்கம் பெரும்பாலும் சனிக்கிழமை, அதற்கு முன் நாள்கணக்கில் வீட்டில் கூடுதல், சமையல், பிரார்த்தனை. போகிறவர் தன் வேலை தேங்கிப் பக்கத்து மேசைக்காரிக்குத் திட்டு விழக் கூடாதே என்று பாஸ்வேர்டை ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறார். விதிமீறல்தான். ஆனால் அவர் செய்தது பொறுப்பற்ற காரியம் என்று என்னால் சொல்ல முடியாது. அரை மணி நேரத்தில் தற்காலிக அனுமதி கிடைக்கிற மாதிரி நாம் ஒரு படிவம் வைத்திருந்தால் அந்தத் துண்டுச்சீட்டுக்கு வேலையே இல்லை. நம் படிவமோ மூன்று மேனேஜர் ஒப்புதலோடு ஐந்து வேலைநாள் எடுக்கிறது. சாவுக்கு ஐந்து நாள் முன்னறிவிப்பு யார் தருவார்?

ஸ்டோக்வெல் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். நம்மூர்ச் சீட்டு மாதிரிதான்: மாதாமாதம் ஆளுக்கு இவ்வளவு போட்டு, முறை வைத்து எடுத்துக்கொள்வார்கள், அல்லது டிசம்பரில் மொத்தமாக மளிகை வாங்குவார்கள், ஈமச் செலவுக்கென்றே தனிச் சங்கங்களும் உண்டு. ஸ்டோக்வெல்களின் தேசியச் சங்கம் சொல்லும் கணக்கு, சுமார் 8 லட்சம் குழுக்கள், 1 கோடியே 10 லட்சம் உறுப்பினர்கள். நம் அலுவலகத்தில் துப்புரவு வேலை பார்க்கும் அம்மாவும் ரிசப்ஷனில் உட்காரும் பெண்ணும் அதில் இருப்பார்கள். ஒரு ஸ்டோக்வெல்லின் நடைமுறையைக் கவனியுங்கள். வங்கியில் பணம் எடுக்க ஒருவர் கையெழுத்துப் போதாது, இரண்டோ மூன்றோ வேண்டும். கூட்டத்தில் கணக்கை எல்லார் முன்னாலும் வாசிக்கிறார்கள். புது ஆள் சேர வேண்டுமானால் பழைய உறுப்பினர் ஒருவர் உத்தரவாதம் சொல்ல வேண்டும். நாம் பெரிய பெயர் வைத்து ஸ்லைடில் போடும் இரட்டை ஒப்புதலும் தணிக்கைத் தடமும் அடையாளச் சரிபார்ப்பும் அங்கே ஏற்கெனவே நடக்கின்றன. அதே அம்மாக்கள் வாட்ஸ்அப்பில் வந்த போலி ஸ்டோக்வெல்களில் பணத்தை விட்டவர்களையும் பார்த்திருக்கிறார்கள். எங்கே சறுக்கியது என்று உங்களைவிடத் தெளிவாகச் சொல்வார்கள். முகம் தெரியாத ஆள் உத்தரவாதமில்லாமல் குழுவுக்குள் வந்தான். பயிற்சியை அங்கிருந்து தொடங்குங்களேன்.

ஒரு வழக்கும் நினைவுக்கு வருகிறது. 2019இல் ஜோகன்னஸ்பர்க்கில் வீடு வாங்கிய ஒரு பெண்மணி, வக்கீல் நிறுவனம் அனுப்பிய மெயிலில் இருந்த கணக்குக்கு 55 லட்சம் ரேண்ட் அனுப்பினார். மெயிலை இடையில் யாரோ மாற்றியிருந்தார்கள். முன்பணம் கட்டும்போது ஃபோனில் கேட்டுச் சரிபார்த்தவர், பெரிய தொகைக்குச் சரிபார்க்கவில்லை. 2023இல் உயர் நீதிமன்றம் வக்கீல் நிறுவனம்தான் பொறுப்பு என்றது; 2024 ஜூனில் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றி, தன்னைக் காத்துக்கொள்ளும் வாய்ப்பு அவருக்கே இருந்தது என்றது. சட்டப்படி அது சரியாகவே இருக்கலாம். அலுவலகத்துக்கு அதைப் பாடமாக எடுக்கும்போது மட்டும் ‘அவர் கவனமாக இருந்திருக்க வேண்டும்’ என்று முடித்துவிடாதீர்கள். அந்தப் பணம் போன பாதையில் எத்தனை பேர் இருந்தார்கள்? அவர்களில் ஒருவர் “ஃபோனில் கேட்டுவிட்டீர்களா?” என்றிருந்தால் போதும். அப்படிக் கேட்பது என் வேலை என்று ஒவ்வொருவரையும் நினைக்கவைப்பதுதான் இங்கே நமக்கு உண்மையான பயிற்சி.

உபுண்டுவைச் சுவரொட்டி ஆக்கிவிடும் ஆபத்தும் உண்டு. ஆட்குறைப்பு நோட்டீஸ் கொடுக்கிற அன்றைக்கே ‘நாம் ஒரே குடும்பம்’ என்று மெயில் போடும் நிர்வாகங்களை இந்த ஊர்த் தொழிலாளர்கள் நிறையப் பார்த்துவிட்டார்கள். அந்தச் சொல்லைச் சுவரில் ஒட்டினால் பின்னால் சிரிப்பார்கள். சொல்லே வேண்டாம், நடப்பு போதும். நடப்பு மேலிருந்து வர வேண்டும். நீதித் துறை அமைச்சகத்தின் கதை தெரியுமே: 2021 செப்டம்பரில் ரான்சம்வேர், அதாவது கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் மென்பொருள், தாக்கியது. தகவல் ஒழுங்காற்று ஆணையம் விசாரித்தபோது, வைரஸ் தடுப்பு மென்பொருளின் உரிமம் உட்பட முக்கியமான உரிமங்கள் 2020இலேயே காலாவதியாகி, புதுப்பிக்காமல் கிடந்தது தெரிந்தது. ஆணையத்தின் உத்தரவையும் நிறைவேற்றாததால் 2023 ஜூலையில் 50 லட்சம் ரேண்ட் அபராதம். இங்கே எந்தக் கிளார்க்கை ‘பலவீனமான கண்ணி’ என்று திரையில் காட்டுவீர்கள்?

தாக்குதலின் வலியையும் நாம் தப்பான இடத்தில் காட்டுகிறோம். ‘நிறுவனத்தின் நற்பெயருக்குக் களங்கம்’ என்று ஸ்லைடில் எழுதினால் ஒருவருக்கும் உறைக்காது. 2021 ஜூலையில் துறைமுகங்களையும் ரயில் சரக்கையும் நடத்தும் அரசு நிறுவனமான டிரான்ஸ்நெட் தாக்கப்பட்டபோது டர்பன் துறைமுகத்தில் கம்ப்யூட்டர் இல்லாமல் காகிதத்தை வைத்து வேலை பார்த்தார்கள். வெளியே லாரிகள் வரிசை கட்டின. 2019இல் நகரத்து மின் நிறுவனமான சிட்டி பவரைத் தாக்கியபோது ஜோகன்னஸ்பர்க்கில் ப்ரீபெய்டு மீட்டருக்கு மின்சாரம் வாங்க முடியாமல் ஜூலைக் குளிரில் வீடுகள் இருண்டன. 2024 ஜூனில் தேசிய மருத்துவ ஆய்வகச் சேவை முடங்கியபோது, அரசு மருத்துவமனைகளில் ரத்தப் பரிசோதனை முடிவுகளை அவசரத்துக்கு ஃபோனில் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. இந்த மூன்றும் எதனால் தொடங்கின என்ற ஆராய்ச்சி பயிற்சிக்குத் தேவையில்லை. யாருடைய பாட்டியின் பரிசோதனை முடிவு வரவில்லை என்பது தேவை. வகுப்பில் கேட்டுப் பாருங்கள், யாராவது ஒருவர் “என் அத்தை” என்று கையைத் தூக்குவார். அதற்குப் பிறகு ஸ்லைடு வேண்டியிருக்காது.

இதைப் படிக்கும்போது நம் டீமையும் கொஞ்சம் பாருங்கள். மதியச் சாப்பாட்டுக்கு நாம் தனி மேசை. உள்ளூர் ஆட்களோடு டிக்கெட் நம்பர் தாண்டி ஒரு பேச்சு இல்லை. தமிழில் ஒரு வாட்ஸ்அப் குழு, அதில் ப்ரொடக்‌ஷன் ஸ்கிரீன்ஷாட் பறக்கும், வாடிக்கையாளரின் வாடிக்கையாளர் பெயரோடு. தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2021 ஜூலை 1 முதல் முழுசாக அமலில் இருக்கிறது, நமக்கும் சேர்த்துத்தான். அவர்கள் பாஸ்வேர்டு பகிர்வதைப் பற்றி நாம் ஸ்லைடு போடுகிறோம்!

மண்டேலா சிறுவனாக ம்கெகெஸ்வேனி என்ற ஊரில், டெம்பு மக்களின் அரசப் பிரதிநிதியின் வீட்டில் வளர்ந்தபோது ஊர்க்கூட்டங்களைப் பார்த்திருக்கிறார். யார் வேண்டுமானாலும் பேசலாம், தலைவரையே குறை சொல்லலாம். தலைவர் வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டிருப்பார். எல்லாரும் பேசி முடித்த பிறகுதான் அவர் பேச்சு. அடுத்த முறை ஏதாவது அசம்பாவிதம் நடந்தால் கூட்டத்தை இப்படி நடத்திப் பாருங்கள். பாதுகாப்பு மேலாளர் கடைசியில் பேசட்டும். முதலில் மெயில் வந்தவர், பிறகு பக்கத்து மேசைக்காரர், ஹெல்ப்டெஸ்க், வாசல் செக்யூரிட்டி, துப்புரவு அம்மா. செக்யூரிட்டியையும் அந்த அம்மாவையும் நாம் பயிற்சிக்கே கூப்பிடுவதில்லை, அவர்கள் வேறு கம்பெனி ஊழியர்கள் என்று. கட்டடத்துக்குள் அடையாள அட்டை இல்லாமல் யார் வந்தார் என்பது அவர்களுக்குத்தான் முதலில் தெரியும்.

மொழிக்கும் ஏதாவது செய்யுங்கள். 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி வீட்டில் ஆங்கிலம் பேசுவோர் நூற்றுக்கு 9 பேர்கூட இல்லை. ஜூலு பேசுவோர் ஏறக்குறைய கால்வாசி. அலுவலக ஆங்கிலத்தில் எல்லாரும் வேலை பார்க்கிறார்கள் என்பது சரி. பயந்துபோன நேரத்தில் ‘சந்தேகமாக இருக்கிறது, வந்து பார்’ என்று ஒருவர் தன் மொழியிலேயே சொல்ல ஹெல்ப்டெஸ்க்கில் ஆள் இருக்கிறதா?

வரும் அக்டோபருக்கு நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. கிளிக் செய்தவர்களின் பட்டியல் உங்கள் டீமைத் தாண்டி எங்கும் போகக் கூடாது. மாதாந்திர அறிக்கையில் ‘எத்தனை பேர் ஏமாந்தார்கள்’ என்ற கட்டத்தை எடுத்துவிட்டு, ‘முதல் புகார் எத்தனை நிமிஷத்தில் வந்தது, அதனால் எத்தனை பேர் தப்பித்தார்கள்’ என்று போடுங்கள். பரிசு கொடுப்பதானால் தனி ஆளுக்கு வேண்டாம், அந்த மாடிக்கே மதியச் சாப்பாடு வாங்கிக் கொடுங்கள். போனஸையும் சாவையும் தூண்டிலாக வைக்கும் சோதனை மெயில்களை இன்றோடு நிறுத்துங்கள். தற்காலிக அனுமதிப் படிவத்தை ஒரு மேனேஜர் ஒப்புதலுக்குச் சுருக்கித் தரும்படி வாடிக்கையாளரிடம் பேசுங்கள். ஆடிட்டர் ஆட்சேபித்தால் கிங் அறிக்கையைக் காட்டுங்கள், மறுக்க அவருக்குச் சங்கடமாக இருக்கும்.

ஏற்கெனவே இப்படி ஏதாவது செய்து பார்த்தவர்கள் இருந்தால், பலித்ததையும் பலிக்காததையும் எழுதுங்கள். டர்பன் பக்கத்தில் தலைமுறைகளாக இருக்கும் நம் தமிழ்க் குடும்பங்களிலிருந்து இந்தத் துறைக்கு வந்தவர்கள் எழுதினால் இன்னும் நல்லது. இந்த ஊரும் நம்மூரும் சேர்ந்த வீட்டில் வளர்ந்தவர்கள் அவர்கள். நான் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கும் இடம் எது என்று அவர்களுக்குச் சட்டென்று தெரியும்.

அன்புடன்,
ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து உங்களில் ஒருவன்